வலக்கைக் கையுறை

எல்மெரை வழியனுப்ப வாங்கிய வாழ்த்து அட்டையில் அவரோடு ஆடுபவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சேனியின் முறை வந்தபோது பேனாவை இடக்கையில் வாங்கினாள். எல்மெர் பார்த்துவிட்டார்.

“அடி, நீ நொட்டாங்கையா?”

“ஆமாண்ணே.”

“இத்தனை வருஷமா சொல்லவே இல்லியே?”

“நீங்க கேக்கவே இல்லியே.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்மெர் சிரிக்கவில்லை. அட்டையைக்கூட வாங்கிக்கொள்ளாமல் அலமாரிப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் கோல்கீப்பரின் கையுறை இருந்தது. அதைச் சேனியின் வலது கையில் மாட்டினார்.

“பாத்தியா! அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு.”

அப்படி இருக்கவில்லை. இரண்டு விரல் பெரிதாக இருந்தது. ஆனால் எல்மெர் இன்னும் மூன்று நாளில் கனடாவில் வின்னிபெக் போகவேண்டும். அங்கே மருத்துவமனையில் நர்ஸ் வேலை. அவர் போனால் வலையில் யார் நிற்பது என்ற கவலை அந்த அறையில் எல்லோருக்கும் இருந்தது. அந்த நிமிடத்தோடு அது தீர்ந்தது. பதின்மூன்று வருடம் ஆகியும் சேனிக்கு அந்த அட்டை நினைவிருக்கிறது. அதில் ஒரு பென்குயின் படம். பேனாவை வலக்கையில் வாங்கியிருக்கலாம்.

ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர்கள் பெரும்பாலும் இடது கையால்தான், பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டைப் பிடிப்பார்கள். மட்டை வலது கையில் இருக்கும். எல்மெரின் கையுறை அதற்கு எதிர்ப்பக்கத்துக்கானது. அவருக்கு முன்னால் அது ஒரு கனடா இஞ்சினீயருடையது. மணிலாவுக்கு வந்த வேலை முடிந்து ஊர் திரும்பியபோது விட்டுவிட்டுப் போனார். எல்மெரும் இடக்கைக்காரர் என்பது தற்செயல். சேனியும் அப்படியே என்பதை எல்மெர் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. கர்த்தரே பார்த்துச் செய்த ஏற்பாடு என்று நம்பினார். விமான நிலையத்தில் அவளைத் தனியே கூப்பிட்டு, “வலைய உன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்” என்றார். கண் கலங்கியிருந்தது. சேனி தலையாட்டினாள். விமான நிலையத்தில் வேறு எதைச் செய்யமுடியும்?

அதுவரை அவள் முன்வரிசையில் ஆடியவள்.

அர்செனியா புலாவோங் பிறந்தது மணிலாவை ஒட்டிய மண்டலுயோங்கில், எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளவேண்டிய சந்து ஒன்றில். அம்மா லூடிங் மாலில் தரை துடைத்தாள். பள்ளி விட்டதும் சேனி அங்கே வந்து நான்காம் மாடியில் காத்திருப்பாள். அங்கேதான் ஐஸ் தளம். வெளியே சட்டை முதுகோடு ஒட்டும் புழுக்கம். அங்கே வாயைத் திறந்தால் புகை வரும். ஸ்கேட்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் ஆள், வார நாட்களில் கூட்டம் இல்லாதபோது, ஜோடி சேராத இரண்டைக் கொடுத்து அவளை உள்ளே விடுவான். ஒரு கால் பெரிது, ஒரு கால் சிறிது. அப்படித்தான் கற்றுக்கொண்டாள். அதனாலோ என்னவோ இடது பக்கம் திரும்பும்போது யாராலும் அவளைப் பிடிக்கமுடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், மால் திறப்பதற்கு முன், வெளிநாட்டுக்காரர்கள் ஹாக்கி ஆடினார்கள். ஆள் குறைந்தால் நம்மவர்களில் இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுவார்கள். சேனியைக் கூப்பிட்டபோது அவளுக்குப் பதினைந்து வயது. தடித்த ஜெர்மன்காரர் ஒருவர் அவளைத் துரத்தி மூன்று சுற்று வந்தார். பிறகு ஓரத்துப் பலகையில் சாய்ந்து, கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஆட்டங்களில் யாரும் கோல் கணக்கு எழுதிவைக்கவில்லை. எழுதத் தொடங்கியபோது சேனி வலைக்குள் போயிருந்தாள். அதனால் அவள் பெயருக்கு எதிரே எந்தத் தாளிலும் ஒரு கோல் கிடையாது.

பதின்மூன்று வருடத்தில் ஆட்டம் வளர்ந்தது. வெளிநாட்டுக்காரர்கள் ஆறு பேர் இருந்த இடத்தில் ஒருவர் மிஞ்சினார். இப்போது ஆள் குறைந்தால் அவரைக் கூப்பிடுகிறார்கள். ஊரில் ஒன்பது அணிகள். பிள்ளைகளுக்கு வகுப்பு. கனடாவில் பிறந்த மருமகனிடம் தோற்கக்கூடாது என்பதற்காக ஆடக் கற்றுக்கொண்ட மாமாக்கள் உண்டு. ஆறு வருடத்துக்கு முன் பெண்களுக்கென்று ஓர் அணி வந்தது. பல் மருத்துவர் வெங் அதன் காப்டன். வீராங்கனைகளின் பட்டியலை எழுத உட்கார்ந்தபோது வெங் முதலில் எழுதிய பெயர் சேனி. அதற்கு எதிரே ‘கோல்’ என்று போட்டு, யோசிக்காமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

சேனி இப்போது அதே தளத்தில் ஸ்கேட்ஸின் அலகைத் தீட்டும் வேலையில் இருக்கிறாள். வயது முப்பத்துமூன்று. காலையில் ஆடி முடித்ததும் கால்கவசங்களைச் சந்துக்கு எடுத்துப்போய்த் தகரக் கூரைமேல் காயவைப்பாள். மழைக்காலத்தில் அவை காய்வதே இல்லை. சந்தில் புதிதாகக் குடிவந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, மெத்தையில் யார் செத்துப்போனது என்று கேட்பார்கள். குந்தி எழுந்து குந்தி எழுந்து இடுப்பின் இரண்டு பக்கமும் தேய்ந்துவிட்டது. ஜீப்னி என்னும் பொது வண்டியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஒரு நொடி நின்று, பிறகுதான் காலைத் தூக்குவாள்.

லூடிங் மகளின் ஆட்டத்தை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள்.

“எப்பப் பாத்தாலும் வலைக்குள்ளயே இருக்கியே, நீ என்ன மீனா?” என்றாள் முதல் தடவை.

இரண்டாம் தடவை அதையும் சொல்லவில்லை.

சேனிக்கு இருந்தது ஓர் ஆசைதான். வலையை விட்டு வெளியே வந்து, தளத்தின் அந்தக் கோடிவரை போய், ஒரு கோல் போடவேண்டும். இடுப்பு முழுக்கப் போய்விடுவதற்குள். கணக்கு எழுதும் ஆட்டத்தில். ஒன்று போதும். இதை அவள் வெங்கிடம் சொல்ல ஐந்து வருடம் ஆயிற்று. ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், எல்லோரும் மைக்கைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தபோது, வெங்கின் காதில் சொன்னாள்.

“என்னடி இது, புதுசா?” என்றாள் வெங்.

“புதுசு இல்லக்கா. ரொம்பப் பழசு.”

வெங் நல்ல மனுஷி. “சரி. வலையில நிக்க இன்னொரு கோலி கெடச்சா நீ வெளிய வந்துரு. முன்வரிசையில லெஃப்ட் விங் உனக்குத்தான். வாக்குக் குடுத்துட்டேன்.”

பிப்ரவரியில் அந்த இன்னொரு கோலி தானாகவே வந்தாள். மெர்லி, இருபத்தாறு வயது, கால் சென்டரில் வேலை. இரவெல்லாம் டெக்ஸாஸ்காரர்களிடம் திட்டு வாங்கிவிட்டு நேரே தளத்துக்கு வருவாள். வலையில் நிற்கத்தான் வேண்டும் என்றாள். “நாள் பூரா மூஞ்சில வாங்கி வாங்கிப் பழகிருச்சுக்கா. இங்கயாச்சும் கவசம் குடுக்கறாங்க.” உயரமானவள், பயமில்லாதவள். ஒரே ஒரு குறை. வலக்கைக்காரி. மட்டை வலது கையில் இருக்கவேண்டும். பிடிக்கும் கையுறை இடது கைக்கு வேண்டும். அணியிடம் இருந்த ஒரே செட் எல்மெர் விட்டுப்போனது. மற்ற அணிகளின் கோல்கீப்பர்கள் ஆண்கள். தங்கள் கையுறையைப் பல் துலக்கும் பிரஷ்போல நினைப்பவர்கள். யாருக்கும் இரவல் தரமாட்டார்கள். மணிலாவில் எந்தக் கடையிலும் அது விற்பதில்லை.

அப்போதுதான் சேனி எல்மெருக்கு எழுதினாள்.

உண்மையை எழுத இரண்டு தடவை முயன்றாள். ‘எனக்குக் கோலில் நிற்கப் பிடிக்கவில்லை’ என்று போனில் தட்டிப் பார்த்தாள். எழுத்தில் அது வேறு மாதிரி இருந்தது. எல்மெர் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கூப்பிட்டு, “என் வலை எப்படி இருக்கு?” என்று கேட்பவர். அழித்தாள். கடைசியில் அனுப்பியது இது: ‘அண்ணே, செட் கிழிஞ்சுபோச்சு. அங்க யாராவது பழசத் தூக்கிப்போட்டா எங்களுக்கு அனுப்புவீங்களா? எது கெடச்சாலும் சரி.’

செட் கிழிந்துபோனது பொய்யில்லை. கிழிந்து, நைலான் கயிற்றால் தைத்து, மறுபடி கிழிந்து எட்டு வருடம் ஆகிறது. ‘எது கெடச்சாலும் சரி’ என்பதில்தான் அவளுடைய கணக்கு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டால் இடது கைக்கானதுதான் வரும். உலகத்தில் பத்தில் ஒன்பது அப்படி. யாரும் பொய் சொல்லவேண்டியதில்லை, யார் மனமும் நோகாது. கையுறை வந்து இறங்கும். ‘ஐயோ, எனக்குச் சேரலியே’ என்று அவள் சொல்வாள். மெர்லிக்குச் சேரும்.

எல்மெர் அழும் முகம் ஒன்றும் உயர்த்திய கட்டைவிரல் ஒன்றும் அனுப்பினார். பிறகு அவரிடமிருந்து பேச்சே இல்லை. மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று. சேனி வேலை முடிந்ததும் தனியே தளத்தில் இறங்கி, சாதாரண மட்டையை எடுத்து, பலகையில் அடித்துப் பழகினாள். திரும்புவது அப்படியே இருந்தது. உடம்பு மறக்கவில்லை. தளத்தின் பனியை மழித்துச் சமன் செய்யும் வண்டியை ஓட்டுபவன், அவள் ஆடி முடிக்கட்டும் என்று எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பான். மே மாதத்தில் வெங் ஆகஸ்டுக்கு ஓர் ஆட்டம் ஏற்பாடு செய்தாள்: சிங்கப்பூரிலிருந்து பெண்கள் அணி வருகிறது. பட்டியலின் வரைவில் ‘லெஃப்ட் விங்’ என்பதற்கு எதிரே பென்சிலால் சேனி என்று எழுதியிருந்தாள். சேனி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

எல்மெர் அனுப்பிய பெட்டி ஜூலையில் கப்பலில் வந்தது. இரண்டு பேர் தூக்கிச் சந்துக்குள் நுழைத்தார்கள். ஒரு திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, எதிர்வீட்டுக் கதவைக் கழற்றவேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து பெட்டி வந்தால் திறப்பதைப் பார்க்க எல்லோரும் வரவேண்டும், அது வழக்கம். அணி முழுக்க வந்தது. லூடிங் ஒரு தாம்பாளம் நிறைய பான்சித் நூடுல்ஸ் கிளறிவைத்தாள். வெங் போனை அலமாரிமேல் நிறுத்தி எல்மெரைக் கூப்பிட்டாள். வின்னிபெக்கில் விடிந்துகொண்டிருந்தது. எல்மெர் சட்டைக்கு இஸ்திரி போட்டு அணிந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் அவர் மனைவி, யாரோ நாலைந்து பேர்.

“மெதுவாப் பிரிங்க! கத்திய உள்ள விடாதீங்க!”

வெளிநாட்டுப் பெட்டியின் வாசனை, சோப்பும் சாக்லேட்டும் கலந்தது, அறையை நிரப்பியது. டின் இறைச்சி, துண்டுகள், பற்பசை, லோஷன், காபித்தூள். அதற்குக் கீழே கால்கவசங்கள். புத்தம் புதியவை. நீலமும் சிவப்பும், முழங்காலுக்கு மேலே மஞ்சளில் சூரியன், நாட்டுக் கொடியில் இருப்பது போலவே எட்டுக் கதிர். இடம் வீணாகக்கூடாது என்று அவற்றின் மடிப்பிலெல்லாம் சாக்லேட் திணித்திருந்தார்கள்.

“இது பழசு இல்லியே,” என்றாள் சேனி.

“யாரு பழசு குடுப்பா?” என்றார் எல்மெர். “இங்க நம்மாளுங்க எல்லாருமாச் சேந்து குடுத்தது. பள்ளிக்கூடத்துல கூட்டற செலியா அக்காகூடக் குடுத்தாங்க. இரு இரு, இன்னும் இருக்கு.”

அடியில், துண்டில் சுற்றி, கையுறை இருந்தது. மெர்லி அதை எடுத்துச் சேனியிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் கண் மின்னியது. சேனி பார்க்காமலேயே இடது கையை உள்ளே நுழைத்தாள். கட்டைவிரலுக்கு இருக்கவேண்டிய இடத்தில் இடம் இல்லை.

“அந்தக் கை இல்லடி!” போனுக்குள்ளிருந்து எல்லோரும் சிரித்தார்கள். எல்மெரின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. “சந்தோஷத்துல கை மாறிப்போச்சு பாரு! சோத்துக்கைல போடு, சோத்துக்கைல!”

சேனி வலது கையை நுழைத்தாள். இந்த முறை அளவு சரியாக இருந்தது. விரலுக்கு விரல். மணிக்கட்டின் மேல் வெள்ளை நூலில் ‘சேனி’ என்று தைத்திருந்தார்கள்.

“அதான் இவ்ளோ நாளாச்சு,” எல்மெர் சொல்லிக்கொண்டிருந்தார். “இந்தப் பக்கத்துக்குக் கையுறை எங்க கெடைக்குது? கடைக்காரன் இடது கைக்கு வாங்கிக்க, பாதி வெலைங்கறான். நான் விடுவேனா? எங்க பொண்ணு நொட்டாங்கைடானு சொன்னேன். மூணு மணி நேரம் பனில வண்டி ஓட்டிட்டுப் போய் வேற ஊர்ல புடிச்சேன். பழைய கையுறைய அன்னிக்கு மாட்டிவிட்டேன்ல, அந்தக் கை அளவு எனக்கு ஞாபகம் இருந்துச்சு.”

சேனி அழுதாள். அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. அறை முழுக்கக் கை தட்டியது. வின்னிபெக்கிலும் கை தட்டினார்கள். எல்மெரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்வது திரையில் தெரிந்தது. மெர்லி மட்டும் தட்டவில்லை. காலிப் பெட்டிக்குள் குனிந்து, அடியில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தாள்.

“ஏதாச்சும் சொல்லு,” என்றாள் வெங்.

“ரொம்ப நன்றிண்ணே,” என்றாள் சேனி. “ரொம்ப... கரெக்டா இருக்கு.”

எல்லோரும் போனபின் லூடிங் தாம்பாளத்தைக் கழுவிக்கொண்டே, “எதுக்கு அப்படி அழுத?” என்று கேட்டாள். சேனி கால்கவசங்களின் மடிப்பிலிருந்து சாக்லேட்டை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

அடுத்த வாரம் மெர்லி பழைய வலக்கைக் கையுறையை மாட்டிக்கொண்டு வலையில் நின்று பார்த்தாள். மூன்று காலை. வட்டு வலது பக்கம் வந்தால் அவளுடைய இடது கை எழுந்தது. மூன்றாம் நாள் ஒன்று நேராகக் கழுத்தெலும்பில் பட்டது. ஓரத்துப் பெஞ்சில் ஐஸ் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளிடம் சேனி போனாள்.

“இன்னும் கொஞ்சம் பழகினா வந்துரும்.”

“எனக்கு வராதுக்கா. எங்கப்பாரு சின்ன வயசுல எனக்கு வலது கைல அடிபட்டப்ப இடது கைல சோறு திங்கச் சொன்னாரு. பட்டினியே கெடந்தேன்.” மெர்லி தலையைக் குனிந்துகொண்டாள். “வெங் அக்கா என்னை வெளிய ஆடச் சொல்றாங்க. உங்ககிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன்.”

“எங்க ஆடச் சொல்றாங்க?”

மெர்லி ஐஸ் பொட்டலத்தைத் திருப்பி வைத்தபோதே சேனிக்குத் தெரிந்துவிட்டது.

“லெஃப்ட் விங்.”

வெங் அன்று மாலை அலகைத் தீட்ட ஸ்கேட்ஸைக் கொண்டுவந்தவள் போல வந்தாள். அவளுடையது நேற்றுத்தான் தீட்டியது. “மெர்லிக்கு வெளிநாட்டுலேர்ந்து கையுறை வரவழைக்கன்னு இத்தன மாசமா சேத்த காசு இருக்குதான்,” என்றாள். “ஆனா இப்பப் போய் வாங்கினா எல்மெர் என்ன நெனப்பாரு? அத்தன பேரு சேந்து உன் பேரத் தச்சு அனுப்பியிருக்காங்க. ஒரு வருஷம் போகட்டும் சேனி. அவரு காதுக்குப் போனா நல்லாவா இருக்கும்?”

“நல்லாருக்காதுக்கா.”

“புரிஞ்சுக்கற பாரு, அதான் நீ.”

சேனி ஸ்கேட்ஸை வாங்கி, தேவையில்லாத அலகைத் தீட்டிக் கொடுத்தாள்.

ஆகஸ்டில் சிங்கப்பூர் அணி வந்தது. மால் திறந்திருக்கும் நேரம். ஐந்தாம் மாடிச் சாப்பாட்டுக் கடைகளின் கைப்பிடிச் சுவர் நெடுக ஆட்கள் தட்டோடு நின்று பார்த்தார்கள். எல்மெர் வெங்கின் தங்கை பிடித்திருந்த போனில் இருந்தார். புதுக் கையுறை இன்னும் இறுக்கமாக இருந்தது. மூடினால் திறக்க வலுக்கட்டாயம் செய்யவேண்டும். சேனி இருபத்தேழு தடவை வட்டைத் தடுத்தாள். இரண்டு உள்ளே போயின. எதிர்ப்பக்கம் நம்மவர்கள் மூன்று போட்டார்கள். மூன்றாவது மெர்லி போட்டது. இடது பக்கத்திலிருந்து. திரும்பத் தெரியாமல் திரும்பி, விழுந்து, விழுந்துகொண்டே அடித்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். சேனி அறுபது கெஜம் தள்ளி வலைமுனையில் நின்று, மட்டையால் கம்பத்தை இரண்டு தடவை தட்டினாள். கோல்கீப்பர் செய்யக்கூடியது அது.

ஆட்டத்தில் இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது மூன்று மணி ஆயிற்று. தினமும் அந்த நேரத்துக்கு வரும் பிரார்த்தனை மாலின் ஒலிபெருக்கியில் தொடங்கியது. நடுவர் விசில் ஊதி, தலைக்கவசத்தைக் கழற்றினார். மேலே தட்டுகளோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். கடைப் பெண்கள் துணியை மடித்த கையோடு நின்றார்கள். நகரும் படிக்கட்டுகள் மட்டும் தலைகுனிந்த ஆட்களை ஏற்றியும் இறக்கியும் கொண்டிருந்தன. சிங்கப்பூர்ப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கிடைத்த நேரத்தை வீணாக்காமல் தங்கள் பெஞ்சுக்குப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள்.

சேனியும் தலையைக் குனிந்தாள். குனிந்த கண்ணில் பனி தெரிந்தது. அவள் வலைக்கு முன்னே நீல அரைவட்டம். அதற்கப்பால் நீலக் கோடு. அதற்கப்பால் தளத்தை இரண்டாக வெட்டும் சிவப்புக் கோடு. கோல்கீப்பர் அந்தக் கோட்டைத் தாண்டி வட்டைத் தொடக்கூடாது. விதி. பதின்மூன்று வருடத்தில் அதை யாரும் அவளுக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்ததில்லை. ஆமென் சொன்னபோது அவள் வாய் அசைந்தது. என்ன வேண்டிக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆட்டம் தொடங்கியது. சிங்கப்பூர் கோல்கீப்பர் வலையை விட்டு ஓடிப்போய்ப் பெஞ்சில் ஏறினாள். அவளுக்குப் பதில் அடிப்பவள் ஒருத்தி உள்ளே வந்தாள். தோற்கும் அணி கடைசி நேரத்தில் செய்வதுதான். தளத்தின் அந்தக் கோடியில் வலை திறந்து கிடந்தது.

வட்டு பலகையில் மோதி, யாருக்கும் எட்டாமல், சேனியின் மட்டையில் வந்து நின்றது.

“அடிச்சு விடு!” என்று வெங் கத்தினாள். அங்கிருந்தே தூக்கி அடித்தால் போதும். காலி வலை. போனால் அது கோல்தான், விதிப்படியும் கோல்தான். கோல்கீப்பர் போட்ட கோல் என்று எழுதுவார்கள். படம் எடுப்பார்கள்.

சேனி அடிக்கவில்லை. வட்டைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டாள்.

கால்கவசங்கள் ஒன்றோடொன்று உரசின. முதலில் எதிரே வந்தவள் இப்படி ஒன்றை எதிர்பார்க்காமல் நின்றுவிட்டாள். சேனி இடது பக்கம் திரும்பினாள். அந்தத் திருப்பம் அப்படியே இருந்தது. இடுப்பில் ஏதோ கத்தியது, போகட்டும். நீலக் கோடு போயிற்று. மேலே யாரோ ஓவென்று கத்த, மாடி முழுக்க அந்தச் சத்தம் பரவியது. “சேனி! கோடு! கோடுடி!” அது வெங். கோட்டை அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். அது அவளுக்குக் கீழே போயிற்று. ஒரு தள்ளல், இரண்டு தள்ளல், மூன்று. அங்கே பனியின் சத்தமே வேறாக இருந்தது. கோலுக்கு முன் இருப்பதுபோல் குதறப்படாமல், வழுவழுவென்று.

விசில் ஊதியது. அதற்குப் பிறகுதான் அடித்தாள். வட்டு நேரே போய்க் காலி வலைக்குள் விழுந்தது. அது கணக்கில் இல்லை.

நடுவர் கையைத் தூக்கினார். “கோல்கீப்பர், நடுக்கோடு தாண்டினது. ரெண்டு நிமிஷம்.”

சேனிக்கு மூச்சு இரைத்தது. சிரித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு சிலர் சொன்னார்கள். முகக்கவசத்துக்குள் என்ன தெரிந்திருக்கும்? அவள் யாரையும் பார்க்காமல் நேராகத் தண்டனைக் கூண்டுக்குப் போனாள். அங்கே ஒரு பெஞ்சும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தன. இரண்டு நிமிடம் உட்காரலாம். கதவின் கொக்கியைத் தூக்கினாள்.

“எங்கம்மா போறே?” என்றார் நடுவர்.

“தண்டனைக்கு.”

“கோலிக்கு உள்ள உக்கார வழியில்லம்மா. உனக்குப் பதிலா வேற ஆள் உக்காருவாங்க. நீ வலைக்குப் போ.”

“நான்தானே தாண்டினேன்?”

“விதி அப்படி. போம்மா, நேரம் ஓடுது.”

வெங் மெர்லியைக் கைகாட்டினாள். மெர்லி வந்து, சேனியைத் தாண்டிக் கூண்டுக்குள் போனாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

“எப்படிக்கா இருந்துச்சு அங்க?” என்றாள் மெதுவாக.

சேனி பதில் சொல்வதற்குள் கதவு சாத்தப்பட்டது. அவள் தளத்தின் முழு நீளத்தையும் கடந்து திரும்பி வந்தாள். வரும்போது மெதுவாக வந்தாள். அரைவட்டத்துக்குள் நுழைந்து, கம்பங்கள் இரண்டையும் மட்டையால் தொட்டுப் பார்த்து, குந்தினாள்.

இன்னும் ஒரு நிமிடம் நாற்பது விநாடி. வலைக்கு வெளியே நம்மவர்கள் நான்கு பேர், எதிரே ஆறு பேர். வட்டு வலைக்கு முன்னேயே கிடந்தது. காலில் பட்டது, மார்பில் பட்டது, முகக்கவசத்தில் பட்டு எகிறியது. சேனி விழுந்தாள், எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று இடுப்பைக் கேட்டால்தான் தெரியும். கடைசி விநாடியில் ஒன்று வலது பக்கம் மேல் மூலைக்கு வந்தது. அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் என்ன செய்திருப்பாளோ. கை தானாக எழுந்து மூடிக்கொண்டது.

ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது.

எல்லோரும் அவள்மேல் வந்து விழுந்தார்கள். வலை பின்னுக்கு நகர்ந்து பலகையில் முட்டியது. சேனி அதற்குள் மல்லாந்து கிடந்தாள். அவள் மேல் வெங், வெங்கின் மேல் யாரோ, அதற்கு மேல் யாரோ. “பைத்தியம்! பைத்தியம்!” என்று வெங் அவளுடைய முகக்கவசத்தில் முத்தமிட்டாள். எங்கோ மேலே போனுக்குள்ளிருந்து எல்மெரின் குரல் கேட்டது. “அந்தக் கையுறையப் பாத்தியா? நான் சொல்லல? பதிமூணு வருஷம் முன்னாடியே நான் சொல்லல?”

“கொஞ்சம் எந்திரிங்க, மூச்சு முட்டுது,” என்றாள் சேனி. அந்தக் கூச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

நடுவர் குனிந்து வட்டைக் கேட்டார். சேனி கையுறையைத் திறக்கப் பார்த்தாள். புதுத் தோல். அது திறக்கவில்லை. நடுவர் தன் கையுறைகளைக் கழற்றிவிட்டு, பனியில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அதைப் பிரிக்கத் தொடங்கினார்.